சிறுநீர் எப்படிக் கெட்டியாகிறது: ஒரே தாளில் போட்டுப் புரிந்துகொள்ள முழு வழிகாட்டி

முதலாமாண்டு நர்சிங், பாராமெடிக்கல் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் உடலியங்கியல் சொல்லித் தருகிறேன். சிறுநீரகப் பாடத்தில் எல்லாரும் ஒரே இடத்தில்தான் வழுக்கி விழுகிறார்கள். வடிகட்டுதல் புரிகிறது, மீள உறிஞ்சுதல் புரிகிறது. 'எதிரோட்டப் பெருக்கம்' என்ற சொல் வந்ததும் பேனா நின்றுவிடுகிறது. அப்புறம் மனப்பாடம்தான். மனப்பாடம் பண்ணினவர்களிடம் "ஹென்லே வளைவை (சிறுநீர்க் குழலின் கொண்டை ஊசி வளைவு) விட்டு வெளியே வரும் திரவம் ரத்தத்தைவிட நீர்த்துப் போயிருக்குமே, பிறகு சிறுநீர் எப்படிக் கெட்டியாச்சு?" என்று கேட்டால் முழிப்பார்கள்.

தப்பு பாடத்தில் இல்லை, படிக்கும் வரிசையில் இருக்கிறது. திரவம் போகிற பாதையைப் பிடித்துக்கொண்டே போனால் இது புரியாது. வேலை எங்கே நடக்கிறதோ அங்கே தொடங்க வேண்டும். கீழே உள்ள வரிசை பல தடவை மாற்றி மாற்றிப் பார்த்து நான் வந்து சேர்ந்தது. ஒரு ஏ4 தாள், பென்சில், அழிப்பான், ஒரு மணி நேரம் போதும். படித்துக்கொண்டே போகாதீர்கள், போட்டுக்கொண்டே வாருங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் சவ்வூடு பரவல். தண்ணீரைப் பிடித்துத் தள்ளும் பம்பு உடலில் எங்கேயும் கிடையாது. உப்பைத் தள்ளும் பம்பு உண்டு. உப்பு எங்கே அதிகமோ அங்கே தண்ணீர் தானாகப் போகும், வழி திறந்திருந்தால். இந்த ஒரு வரியில் சந்தேகம் இருந்தால் இங்கேயே நிறுத்தி அதைத் தெளிவாக்கிக்கொண்டு வாருங்கள். மீதி எல்லாமே இதன் மேல்தான் நிற்கிறது.

பிள்ளைகள் மனதில் பெரும்பாலும் ரசம் வற்றுகிற படம்தான் இருக்கிறது. அடுப்பில் வைத்தால் தண்ணீர் போய்க் கெட்டியாகும், சிறுநீரும் அப்படித்தான் என்று. அந்தப் படத்தை அழித்துவிடுங்கள். மாங்காய்த் துண்டில் உப்புப் போட்டு ஜாடியில் மூடி வைத்தால் மறுநாள் தண்ணீர் விட்டிருக்கும் அல்லவா, அதுதான் சரியான படம். மாங்காயிலிருந்து யாரும் தண்ணீரைப் பிழியவில்லை. வெளியே உப்பு இருந்தது, தண்ணீர் வந்தது. சிறுநீரகம் முதலில் அந்த உப்பு ஜாடியைத் தயார் பண்ணுகிறது. பிறகுதான் சிறுநீர்க் குழாயை அதன் நடுவே விடுகிறது.

அடுத்து அலகு. ஒரு கிலோ தண்ணீரில் கரைந்திருக்கும் துகள்களின் அளவை மில்லிஆஸ்மோல் கணக்கில் சொல்வார்கள். ரத்தப் பிளாஸ்மாவில் இது சுமார் 285 முதல் 295. தாளில் கணக்குப் போட வசதியாக 300 என்று வைத்துக்கொள்வோம். மனிதச் சிறுநீர் 50 வரை நீர்க்கவும் முடியும், 1200 வரை கெட்டியாகவும் முடியும். இனி வெறும் எண் மட்டும் எழுதுகிறேன், அலகு இதுதான்.

2. தாளைப் பிரித்தல்

தாளை நேராக வைத்து இரண்டு படுக்கைக் கோடு போடுங்கள். மேல் பகுதி கார்டெக்ஸ், அதாவது சிறுநீரகத்தின் வெளி அடுக்கு. மெடுல்லா என்பது உள் அடுக்கு, அதில் நடுப்பகுதி வெளி மெடுல்லா. அடிப்பகுதி உள் மெடுல்லா. மெடுல்லாவுக்கு முக்கால் தாளை ஒதுக்குங்கள், கதை அங்கேதான்.

இடது பக்கம் கார்டெக்ஸில் ஒரு குட்டி வட்டம், அது ரத்தத்தை வடிகட்டும் குளோமெருலஸ். அதிலிருந்து கொஞ்சம் சுருளாக ஒரு கோடு, பிறகு நேராக அடிவரை இறங்கி, கொண்டை ஊசி மாதிரி திரும்பி, மேலேறி, மறுபடி கார்டெக்ஸில் ஒரு சுருள். அந்தக் கொண்டை ஊசிதான் ஹென்லே வளைவு, அதில் இறங்கும் பக்கம் இறங்கு கை, ஏறும் பக்கம் ஏறு கை. அங்கிருந்து வலது ஓரமாக இன்னொரு குழாய் மேலிருந்து அடிவரை இறங்கட்டும். அது சேகரிப்பு நாளம்.

இங்கே ஒரு தப்பு அடிக்கடி வரும். சேகரிப்பு நாளத்தைக் கார்டெக்ஸிலேயே முடித்துவிடுவார்கள், அல்லது படத்தின் அழகுக்காகப் பக்கவாட்டில் இழுத்துவிடுவார்கள். அது மெடுல்லாவைக் கடந்து இறங்கியே ஆக வேண்டும், ஜாடிக்குள் போகாத மாங்காய் எப்படித் தண்ணீர் விடும்?

குளோமெருலஸும் அதன் குழலும் சேர்ந்தது ஒரு நெஃப்ரான். எல்லா நெஃப்ரானிலும் வளைவு இவ்வளவு நீளம் இருக்காது. மனிதரில் பெரும்பாலானவை குட்டை வளைவுகள், வெளி மெடுல்லாவோடு திரும்பிவிடும். சிறுபான்மைதான் உள் மெடுல்லாவுக்குள் ஆழமாக இறங்கும். நம் தாளில் இருப்பது நீளமானது.

3. முதல் சுருளை மூன்றே வரியில் முடித்துவிடுங்கள்

நாளொன்றுக்கு சுமார் 180 லிட்டர் வடிகட்டப்படுகிறது. அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அண்மைச் சுருள் நுண்குழலிலேயே திரும்ப உறிஞ்சப்படுகிறது. ஆனால் உப்பும் தண்ணீரும் சேர்ந்தே போவதால் மிச்சம் இருப்பதன் செறிவு அப்படியே 300தான்.

அளவு குறைவது வேறு, கெட்டியாவது வேறு. ஒரு குடம் மோரிலிருந்து அரைக் குடத்தை ஊற்றிவிட்டால் மிச்ச மோர் கெட்டியாகிவிடுமா? "120 லிட்டர் போயிடுச்சே சார், அப்போ கெட்டியாகி இருக்கணுமே" என்று ஒவ்வொரு வருடமும் ஒருவராவது கேட்பார். தாளில் சுருளின் முடிவில் 300 என்று எழுதிவிட்டு நகருங்கள்.

4. ஏறு கையிலிருந்து தொடங்குங்கள், இறங்கு கையிலிருந்து அல்ல

திரவம் முதலில் இறங்குகிறது, பிறகு ஏறுகிறது. அதனால் எல்லாரும் இறங்கு கையை முதலில் விளக்குவார்கள். நானும் முதல் இரண்டு வருடம் அப்படித்தான் சொன்னேன். "இறங்கும்போது தண்ணீர் வெளியே போகும்." ஏன் போகும்? "வெளியே உப்பு அதிகம்." அந்த உப்பு எங்கிருந்து வந்தது? "அது ஏறு கையிலிருந்து, அப்புறம் சொல்றேன்." இப்படி 'அப்புறம் சொல்றேன்' என்று வந்த இடத்தில்தான் வகுப்பு கைவிட்டுப் போனது.

எஞ்சின் இருப்பது ஏறு கையின் தடித்த பகுதியில். வெளி மெடுல்லாவிலிருந்து கார்டெக்ஸ் வரை உள்ள பகுதி அது. அங்குள்ள செல்கள் ஒரு சோடியம், ஒரு பொட்டாசியம், இரண்டு குளோரைடு என்று சேர்த்து குழலுக்குள்ளிருந்து இழுக்கின்றன. அந்தக் கடத்திக்கு என்கேசிசி2 என்று பெயர். மறுபக்கம் சோடியம் பொட்டாசியம் பம்பு ஏடிபி என்ற செல்லின் எரிபொருளைச் செலவழித்து சோடியத்தை வெளித் திசுவுக்குள் தள்ளுகிறது. இழுத்த பொட்டாசியத்தில் பெரும் பங்கு குழலுக்குள்ளேயே திரும்பக் கசிகிறது. இல்லாவிட்டால் பொட்டாசியம் தீர்ந்து கடத்தி நின்றுவிடும்.

இதைவிட முக்கியமான குணம் ஒன்று, அதைத் தாளில் தடித்த கோடாகவே போடுங்கள். ஏறு கையின் சுவரைத் தாண்டித் தண்ணீர் போக வழியே கிடையாது. உப்பு வெளியேறும், தண்ணீர் பின்னால் போக முடியாது. விளைவு, குழலுக்குள் நீர்த்துப் போகிறது, வெளியே திசுத்திரவம் கெட்டியாகிறது. ஒரே காரியத்தில் இரண்டு பலன்.

இந்தப் பம்பால் ஒரே மட்டத்தில் உள்ளுக்கும் வெளிக்கும் சுமார் 200 வித்தியாசம்தான் ஏற்படுத்த முடியும், அதற்கு மேல் முடியாது. இந்த 200ஐத் தாளின் ஓரத்தில் வட்டம் போட்டு எழுதி வையுங்கள்.

இப்போது இறங்கு கைக்கு வரலாம். இது நேர் எதிர். இதன் சுவரில் அக்குவாபோரின்-1 என்ற நீர் வழிகள் நிறைய. தண்ணீர் தாராளமாகப் போகும், உப்பு அவ்வளவாகப் போகாது. ஆக, வெளியே என்ன செறிவோ அதே செறிவுக்கு உள்ளேயும் வந்துவிடும். சொந்தமாக ஒரு வேலையும் செய்யாது, வெளியே இருப்பதைப் பார்த்து ஒத்துப்போகும். இதற்கு மெல்லிய புள்ளிக் கோடு போதும்.

5. பெட்டிக் கணக்கு: 200 எப்படி 1200 ஆகிறது

வழிகாட்டியில் நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். பம்பின் பலம் 200. ஆனால் மெடுல்லாவின் அடியில் 1200 இருக்கிறது. மிச்சம் எங்கிருந்து வந்தது? சொல்லிப் புரியாது, கையால் போட வேண்டும்.

தாளின் பின்பக்கம் இரண்டு பத்தி போடுங்கள். இடது பத்தி இறங்கு கை, வலது பத்தி ஏறு கை. ஒவ்வொன்றிலும் மேலிருந்து கீழாக நாலு பெட்டி. எட்டுப் பெட்டியிலும் 300 எழுதுங்கள். வெளித் திசுவின் செறிவு எப்போதும் இறங்கு கையின் எண்தான், அது ஒத்துப்போகிற கை என்று பார்த்தோமே. அதனால் திசுவுக்குத் தனிப் பத்தி வேண்டாம்.

இரண்டே விதி. பம்பு விதி: ஒரே மட்டத்தில் உள்ள இரண்டு பெட்டியின் சராசரியை எடுங்கள், இறங்கு பக்கம் 100 கூட்டுங்கள், ஏறு பக்கம் 100 கழியுங்கள். நகர்த்தல் விதி: எல்லாத் திரவமும் ஒரு பெட்டி முன்னேறும். மேலே புதிதாக 300 நுழையும், இறங்கு கையின் அடிப்பெட்டி ஏறு கையின் அடிப்பெட்டிக்குப் போகும், ஏறு கையின் உச்சிப்பெட்டி வெளியேறும்.

இப்போது ஓட்டுவோம். எல்லா வரிசையும் மேலிருந்து கீழ்.

முதல் பம்பு. இறங்கு: 400, 400, 400, 400. ஏறு: 200, 200, 200, 200.

நகர்த்தல். இறங்கு: 300, 400, 400, 400. ஏறு: 200, 200, 200, 400.

இரண்டாம் பம்பு. இறங்கு: 350, 400, 400, 500. ஏறு: 150, 200, 200, 300.

நகர்த்தல். இறங்கு: 300, 350, 400, 400. ஏறு: 200, 200, 300, 500.

மூன்றாம் பம்பு. இறங்கு: 350, 375, 450, 550. ஏறு: 150, 175, 250, 350.

இன்னொரு சுற்று போனால் அடிப்பெட்டி 600 ஆகிவிடும். நீங்களே போட்டுப் பாருங்கள்.

அடிப்பெட்டியை மட்டும் பாருங்கள்: 400, 500, 550, 600. எந்த ஒரு மட்டத்திலும் குறுக்கே 200க்கு மேல் வித்தியாசம் வரவே இல்லை. ஆனால் மேலிருந்து கீழாக வித்தியாசம் ஏறிக்கொண்டே போகிறது. ஏன்? முந்தைய சுற்றில் கெட்டியான திரவமே வளைவைச் சுற்றித் திரும்பி, அடுத்த சுற்றின் பம்புக்குக் கச்சாப் பொருளாக வருகிறது. பம்பு 300ஐ 400 ஆக்கவில்லை, ஏற்கெனவே 400 ஆனதை 500 ஆக்குகிறது. வட்டிக்கு வட்டி மாதிரி. பெருக்கம் என்ற சொல்லுக்கு இவ்வளவுதான் அர்த்தம்.

இங்கே மூன்று தப்பு வரும். ஒன்று, நகர்த்தாமல் தொடர்ந்து இரண்டு தடவை பம்பு போடுவது. போட்டால் எண் மாறாது, 200 எல்லை தொட்டாச்சு. ஓட்டம் இல்லாமல் பெருக்கம் இல்லை. இரண்டு, ஏறு பத்தியையும் மேலிருந்து கீழாகவே நகர்த்திவிடுவது. அப்படிப் போட்டால் இரண்டு ஓட்டமும் ஒரே திசை ஆகிவிடும், எதிரோட்டம் போய்விடும். மூன்று, திருப்பத்தில் அடிப்பெட்டித் திரவத்தைத் தொலைத்துவிட்டு ஏறு கையின் அடியில் 300 எழுதுவது. இந்த மூன்றாவதுதான் அதிகம் பார்த்திருக்கிறேன். அந்தத் தாளில் மட்டும் எண் எங்கேயோ நின்றுவிடும், காரணம் தெரியாமல் திணறுவார்கள்.

பொறுமை உள்ளவர்கள் முப்பது நாற்பது சுற்று ஓட்டிப் பாருங்கள். நாலு பெட்டியில் அடி எண் 1100ஐ நெருங்கி அங்கேயே நிற்கும், அதைத் தாண்டாது. ஆறு பெட்டியாக நீட்டினால் 1500 வரை போகும். பம்பு அதேதான், நீளம் மட்டும் கூடியது. நீண்ட வளைவு ஏன் வேண்டும் என்பதற்குப் பதில் உங்கள் கையெழுத்திலேயே இருக்கும்.

ஆனால் இது விளையாட்டுக் கணக்கு என்பதை மறக்க வேண்டாம். இதில் உப்பும் தண்ணீரும் வளைவை விட்டு நிரந்தரமாகப் போவதில்லை. அதனால் கடைசியில் ஏறு கை உச்சியும் 300க்குத் திரும்பிவிடும். உண்மையில் உப்பில் ஒரு பங்கு திசுவிலேயே தங்கி ரத்தத்தோடு போவதால், வளைவை விட்டு வெளியே வரும் திரவம் சுமார் 100 ஆக இருக்கிறது. தாளின் முன்பக்கம் ஏறு கை முடிவில் 100 என்று எழுதுங்கள்.

6. அடியில் பாதி யூரியா

ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். தடித்த ஏறு கை வெளி மெடுல்லாவோடு நின்றுவிடுகிறது. உள் மெடுல்லாவில் ஏறு கை மெலிந்தது, அப்படியொரு வலுவான பம்பு அதில் இல்லை. பிறகு அங்கே 1200 எப்படி?

உள் மெடுல்லாவின் செறிவில் ஏறக்குறைய பாதி யூரியாவால் வருகிறது. அது வருகிற வழி சேகரிப்பு நாளம். கார்டெக்ஸிலும் வெளி மெடுல்லாவிலும் அந்த நாளத்திலிருந்து தண்ணீர் வெளியேறலாம், யூரியா வெளியேற முடியாது. அதனால் உள்ளே யூரியா கெட்டியாகிக்கொண்டே இறங்குகிறது. உள் மெடுல்லாவுக்கு வந்ததும் யுடி-ஏ1, யுடி-ஏ3 என்ற கதவுகள் திறக்கின்றன, யூரியா திசுவுக்குள் கொட்டுகிறது. அதில் கொஞ்சம் வளைவின் மெல்லிய பகுதிக்குள் புகுந்து, சுற்றி வந்து, மறுபடி சேகரிப்பு நாளத்துக்கே வருகிறது. இது யூரியாவின் சுழற்சி. தாளில் ஒரு வளைந்த அம்புக்குறி போட்டால் போதும்.

உள் மெடுல்லாவில் உப்பு எப்படிச் சேர்கிறது என்ற நுணுக்கம் ஆய்வாளர்களிடையே இன்னும் முடிவாகாத விஷயம். பாடப்புத்தகத்தில் உறுதியாகப் போட்டிருந்தாலும் அதைக் கொஞ்சம் தள்ளி நின்றே படியுங்கள்.

யூரியா புரதத்திலிருந்து வருகிறது. நீண்ட நாள் வெறும் கஞ்சி மட்டும் குடித்துக் கிடப்பவருக்கு யூரியா குறையும், சிறுநீரைக் கெட்டியாக்கும் உச்சத் திறனும் குறையும். பிறந்த குழந்தைக்கும் வளைவு குட்டை, யூரியாவும் குறைவு, அதனால் உச்சம் 500, 600ஐச் சுற்றித்தான். கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் பெரியவர்களைவிட வேகமாக நீர்ச்சத்து வறண்டுபோவதற்கு இதுவும் ஒரு காரணம்.

7. ஜாடியைக் கழுவிவிடாத ரத்தக்குழாய்

இவ்வளவு கஷ்டப்பட்டுச் சேர்த்த உப்பை ரத்தம் வாரிக்கொண்டு போகாதா? நேராக மெடுல்லாவைக் கடந்து அடிவழியாக வெளியேறும் குழாய் என்றால் வாரிக்கொண்டுதான் போகும். அதனால்தான் வாசா ரெக்டா என்ற ரத்தக்குழாயும் கொண்டை ஊசி வடிவிலேயே இறங்கி ஏறுகிறது.

வளைவுக்குப் பக்கத்தில் சிவப்பில் இன்னொரு கொண்டை ஊசி போடுங்கள். இறங்கும்போது ரத்தம் உப்பை வாங்குகிறது, தண்ணீரை விடுகிறது. ஏறும்போது உப்பை விடுகிறது, தண்ணீரை வாங்குகிறது. 300 ஆக உள்ளே போனது, வெளியே வரும்போது கொஞ்சமே கூடுதலாக இருக்கும். அந்தக் 'கொஞ்சம்' முக்கியம். சேகரிப்பு நாளமும் இறங்கு கையும் விட்ட தண்ணீரையும் மிகுதி உப்பையும் அது கொண்டுபோகிறது, இல்லாவிட்டால் மெடுல்லா ஊறிப் போய்விடும்.

இங்கே பம்பு எதுவும் இல்லை. ஆகவே இது பெருக்கம் அல்ல, பரிமாற்றம். வளைவு செறிவை உண்டாக்குகிறது, வாசா ரெக்டா அதைக் காப்பாற்றுகிறது. தேர்வில் இரண்டையும் மாற்றி எழுதி மதிப்பெண் இழக்காதவர்கள் குறைவு.

ஓட்டம் மெதுவாக இருந்தால்தான் இது நடக்கும். அதனால் மெடுல்லாவுக்குப் போகும் ரத்தம் சிறுநீரகத்தின் மொத்த ரத்த ஓட்டத்தில் ரொம்பச் சின்னப் பங்கு. அதற்கு விலை உண்டு. தடித்த ஏறு கை கடுமையாக உழைக்கும் இடத்தில்தான் ஆக்சிஜன் தட்டுப்பாடும். ரத்த அழுத்தம் விழுந்த நோயாளிக்குச் சிறுநீரகத்தின் இந்தப் பகுதி சீக்கிரம் அடிபடுவது இதனால்தான்.

8. கடைசியில்தான் ஏடிஹெச்

ஜாடி தயார். இனிதான் கதவு. ஏடிஹெச் என்ற இந்த ஹார்மோனை முதலில் படித்தவர்கள் அது தண்ணீரை உறிஞ்சுகிறது என்றே நினைத்துக்கொள்வார்கள். அது கதவைத் திறக்கிறது, அவ்வளவுதான். வெளியே உப்பு இல்லாமல் கதவு திறந்து என்ன பயன்?

வரிசை இது. ரத்தத்தின் செறிவு ஒரு சதவீதம், அதாவது சுமார் 3 கூடினாலே ஹைப்போதலாமஸின் உணர்விகள் கண்டுகொள்கின்றன. பின் பிட்யூட்டரியிலிருந்து ஏடிஹெச் என்கிற வாசோபிரஸ்ஸின் ரத்தத்தில் கலக்கிறது. சேகரிப்பு நாளச் செல்லில், ரத்தத்தை நோக்கிய பக்கத்தில் உள்ள வி2 ஏற்பியில் ஒட்டுகிறது. செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற செய்தி மூலக்கூறு கூடுகிறது. உள்ளே குட்டிப் பைகளில் தயாராகக் காத்திருக்கும் அக்குவாபோரின்-2 வழிகள் குழல் பக்கச் சுவரில் போய்ப் பொருந்துகின்றன. மறுபக்கம் அக்குவாபோரின்-3, 4 எப்போதும் திறந்தே இருக்கும். குழலிலிருந்து செல், செல்லிலிருந்து திசு, திசுவிலிருந்து வாசா ரெக்டா என்று தண்ணீர் நடந்துவிடும்.

ஹார்மோன் குறைந்தால் அந்த வழிகள் மறுபடி பைக்குள் போய்விடும். புதிதாகச் செய்ய வேண்டியதில்லை என்பதால்தான் வேகம். ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் கழிவறைக்கு ஓட வைப்பது இதுதான்.

ஏடிஹெச் உப்பைக் கண்டு மட்டும் சுரப்பதில்லை. ரத்தம் நிறையக் குறைந்தாலும் சுரக்கும். குமட்டலுக்கும் பலமாகச் சுரக்கும். வாந்தி எடுத்த நோயாளியின் சிறுநீர் ஏன் இவ்வளவு கெட்டி என்று கேட்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள். அது யூரியாக் கதவுகளையும் தூண்டுகிறது. ஆகவே 'கதவு மட்டும்' என்று நான் சொன்னது முதல் வாசிப்புக்கு. இரண்டாம் வாசிப்பில் ஜாடிக்கும் அது கொஞ்சம் உப்புப் போடுகிறது என்று திருத்திக்கொள்ளுங்கள்.

9. லிட்டர் கணக்கு

எண் போடாமல் இந்தப் பாடத்தை முடிக்காதீர்கள். ஒரு நாளில் வெளியேற்ற வேண்டிய கழிவு சுமார் 600 மில்லிஆஸ்மோல் என்று வையுங்கள். சேகரிப்பு நாளத்தில் இந்தக் கழிவு மட்டும் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம்.

100 செறிவில் அது 6 லிட்டர். 300 செறிவில் 2 லிட்டர். 1200 செறிவில் அரை லிட்டர்.

இப்போது கழித்துப் பாருங்கள். 100லிருந்து 300 வரை, அதாவது கார்டெக்ஸுக்குள்ளேயே, 4 லிட்டர் போய்விட்டது. 300லிருந்து 1200 வரை, மெடுல்லா முழுக்கச் சேர்ந்து, 1.5 லிட்டர்தான். தண்ணீரில் பெரும்பங்கு மெடுல்லாவில் அல்ல, கார்டெக்ஸில் மீட்கப்படுகிறது! வகுப்பில் இதைச் சொன்னதும் ஒரு சலசலப்பு கிளம்பும். ஆனால் யோசித்தால் வேறு மாதிரி இருக்கவே முடியாது. ஆறு லிட்டரும் மெடுல்லாவுக்குள் கொட்டினால் அந்த மெதுவான வாசா ரெக்டா எப்படித் தாங்கும்? ஜாடி நீர்த்துப் போய்விடும். கார்டெக்ஸில் ரத்த ஓட்டம் தாராளம், அங்கே எவ்வளவு தண்ணீர் வந்தாலும் வாரிக்கொண்டு போய்விடும். ஏறு கை திரவத்தை 100 ஆக நீர்க்க வைத்ததன் லாபம் இங்கே தெரிகிறது. முதலில் முழித்த கேள்விக்கு இதுதான் பதில்.

நிஜத்தில் அந்த இடத்தில் கழிவோடு மீட்கப்படவேண்டிய உப்பும் இருப்பதால் வரும் அளவு 6 லிட்டரைவிட அதிகம். பெரும்பங்கு கார்டெக்ஸில்தான் என்பது மாறாது.

அந்த அரை லிட்டர்தான் கட்டாயச் சிறுநீர். ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காவிட்டாலும் அவ்வளவு போயே தீரும். மறுபக்கம் 50 செறிவில் 12 லிட்டர், ஹார்மோன் முழுக்க இல்லாவிட்டால் போகக்கூடியது அந்த அளவு.

10. ஒவ்வொன்றாக உடைத்துப் பாருங்கள்

புரிந்ததா என்று சோதிக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, தாளில் ஒரு பகுதியை விரலால் மறைத்துவிட்டு 'இப்போது சிறுநீர் என்னவாகும்' என்று கேட்டுக்கொள்வது. பதிலைப் பார்க்கும் முன் நீங்களே சொல்லிப் பாருங்கள்.

ஏறு கையின் பம்பை மறையுங்கள். ஃபுரோசமைட் மாத்திரை செய்வது இதுதான், என்கேசிசி2ஐத் தடுக்கிறது. பலர் 'சிறுநீர் நீர்த்துப்போகும்' என்பார்கள். நீர்க்க வைப்பதும் அதே பம்புதானே? அதனால் கெட்டியாக்கவும் முடியாது, நீர்க்க வைக்கவும் முடியாது. நிறையச் சிறுநீர், செறிவு 300ஐச் சுற்றி.

ஹார்மோனை மறையுங்கள், அல்லது ஏற்பியை. ஜாடி இருக்கிறது, கதவு மூடியிருக்கிறது. குடம் குடமாக நீர்த்த சிறுநீர். மூளையில் சுரக்காவிட்டால், ஏடிஹெச் போலவே வேலை செய்யும் டெஸ்மோபிரஸ்ஸின் மருந்து கொடுத்ததும் சிறுநீர் கெட்டியாகும். சிறுநீரகமே கேட்காத நிலையில், உதாரணமாக நீண்ட நாள் லித்தியம் மருந்து எடுத்தவர்களில், கொடுத்தாலும் அவ்வளவாக மாறாது. இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கத் தண்ணீர் குடிக்காமல் வைத்துப் பார்க்கும் சோதனை மருத்துவமனையில் கண்காணிப்போடு செய்வது. வீட்டில் யாரும் முயல வேண்டாம்.

இதோடு சர்க்கரை நோயைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். தமிழில் நீரிழிவு என்ற பெயரே குழப்பிவிடுகிறது. சர்க்கரை நோயில் கதவு நன்றாகவே திறந்திருக்கிறது. குழலுக்குள் தங்கிப்போன குளுக்கோஸ் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. சிறுநீர் அதிகம், ஆனால் நீர்த்தது அல்ல.

வாசா ரெக்டாவை மறையுங்கள். சிக்கிள் செல் நோயில், ஆக்சிஜன் குறைந்த அந்தச் சூழலில் சிவப்பணுக்கள் அரிவாள் வடிவாகி அந்த நுண்குழாய்களை அடைக்கும். கெட்டியாக்கும் திறன் சின்ன வயதிலேயே போய்விடும்.

கடைசியாக ஒன்று. பல நாள் தேவைக்கு மீறித் தண்ணீர் குடித்தவருக்கு எதுவும் உடையவில்லை. ஆனால் மெடுல்லாவின் செறிவு பாதி அளவுக்கு இறங்கியிருக்கும். அன்று குடிப்பதை நிறுத்தி ஏடிஹெச் உச்சத்துக்குப் போனாலும் சிறுநீர் உடனே 1200 ஆகாது. சேகரிப்பு நாளத்துத் திரவத்தால் ஜாடியைவிடக் கெட்டியாக ஆகவே முடியாதே. ஜாடியை மறுபடி கட்ட நாள் பிடிக்கும்.

ஆய்வகத்தில் செறிவை அளக்கும் ஆஸ்மோமீட்டர் இல்லாவிட்டால் ஒப்படர்த்தியை, அதாவது தண்ணீரோடு ஒப்பிட்டால் சிறுநீர் எவ்வளவு கனம் என்பதை வைத்துத் தோராயமாகச் சொல்லலாம். 1.010 என்றால் ஏறக்குறைய 300, சிறுநீரகம் எதுவும் செய்யவில்லை என்று அர்த்தம். நாள்பட்ட சிறுநீரக நோயில் காலையும் மாலையும் இதே எண்ணில் நின்றுவிடும். இரவில் இரண்டு மூன்று தடவை எழுந்து போவதும் அப்போதுதான் தொடங்கும். சிறுநீரில் குளுக்கோஸோ ஸ்கேனுக்குப் போட்ட மருந்தோ இருந்தால் ஒப்படர்த்தியை நம்பாதீர்கள், கனமான மூலக்கூறுகள் எண்ணைத் தூக்கிக் காட்டும். நிறத்தையும் நம்ப வேண்டாம். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்டவர் எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் மஞ்சளாகத்தான் போவார்.